மூன்று நாள் ஆஜர்

தேவசகாயத்தின் கையெழுத்து அழகு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் நல்லது நடந்ததும் அந்தக் கையெழுத்தால்தான், பிற்பாடு தூக்கம் கெட்டதும் அதனால்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் பாதிரியார் பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கிவிட்ட எழுத்து. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில் இருந்த ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அந்த எழுத்தைப் பார்த்துத்தான் அவரை டைம் கீப்பராக எடுத்தார்கள். இருபத்தேழு வருஷம் அங்கே மஸ்டர் எழுதினார். யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் மஸ்டர். ஒரு அடித்தல் இருக்காது, ஒரு மைக்கறை இருக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆலையில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று இருந்தது. காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் வில்லையைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தேவசகாயம் நம்பரைப் பார்த்து அந்தப் பெயருக்கு நேராக ஆஜர் என்று எழுதுவார். வில்லை வந்தால் ஆள் வந்த மாதிரி. ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம் ஒன்றும் இதில் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றால் அவன் வில்லையை எடுத்துக்கொண்டு மச்சானோ தோஸ்தோ வேலைக்கு வந்துவிடுவான். சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலுக்கு எவன் புரட்டினால் என்ன? மேனேஜர் குர்ஷித் பாய்க்கும் இது தெரியும், ஆனால் தெரியாது. தேவசகாயம் வில்லையை எடுக்கும்போது தலையைத் தூக்கி முகத்தைப் பார்ப்பார், பிறகு குனிந்து வில்லைக்கு உரியவன் பெயரில் ஆஜர் எழுதுவார். அதை அவர் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

1980-இல் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் வீரபாகுவின் காலில் சுண்ணாம்பு பட்டு வெந்துவிட்டது. சின்னப் பையன் அல்ல, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் ஆலைக்குப் புதுசு. இருநூற்று நாற்பது நாள் விடாமல் வேலை பார்த்தால் பர்மனென்ட் கேட்கலாம். அவனுக்கு இன்னும் பத்து நாள் பாக்கி. இந்த மாதிரி ஆளைப் பத்து நாள், ஐந்து நாள் பாக்கி இருக்கும்போது பார்த்து நிறுத்துவதற்கென்றே நிர்வாகம் காத்திருக்கும். பக்கத்துக் குழிக்காரன் துரைசாமிதான் யோசனை சொன்னான். துரைசாமி பத்து வருஷத்து ஆள், பர்மனென்ட். மூன்று நாள் வரவில்லை என்றால் அவனை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. தன் வில்லையை வீட்டில் வைத்துவிட்டு வீரபாகுவின் வில்லையோடு வந்தான்.

"இன்னா துரைசாமி, கால் வெந்தது அவனுக்கு, நொண்டறது நீயா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"மூணு நாளு சார். கண்டுக்காதீங்க."

புதன், வியாழன், வெள்ளி. வீரபாகு ஆஜர், துரைசாமி ஆப்சென்ட். தேவசகாயம் தன் முத்தான எழுத்தில் எழுதிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒடுகத்தூர் போகிற சாலையில் ஒரு போலீஸ் ஜீப் மேல் நாட்டு வெடிகுண்டை வீசினார்கள். சம்பத் என்ற கான்ஸ்டபிள் அந்த இடத்திலேயே செத்துப்போனார். இருபத்தெட்டு வயசு, கைக்குழந்தை இருந்தது. மாவட்டமே கொதித்தது. தீவிரவாதிகள் என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்திருந்த காலம். பேப்பரில் அந்தக் கான்ஸ்டபிளின் மனைவி சாவித்திரியின் படத்தைப் பார்த்து தேவசகாயம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் டைம் ஆபீசுக்கே வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லா ஷாப்லயும் வாங்கறோம் சார். புதன்லேர்ந்து வெள்ளி வரைக்கும் வேலைக்கு வராதவங்க லிஸ்ட். பேரு, அப்பா பேரு, ஊரு, அங்க அடையாளம். எங்க ஆள் ஒருத்தர் செத்துட்டார். நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்."

கோர்ட் உத்தரவு இருக்கிறதா, எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள், இந்தப் பட்டியல் எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட யாருக்கும் தெரியாது. குர்ஷித் பாய், "குடுத்துடுங்க சார், நமக்கு இன்னா," என்றார். தேவசகாயம் புதுத் தாள் எடுத்து, கோடு போட்டு, எழுத ஆரம்பித்தார். பதினோரு பேர். ஒன்பதாவது பெயரில் பேனா நின்றது.

நின்றது, அவ்வளவுதான். துரைசாமி மூன்று நாளும் குழியில் நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனால் மஸ்டரில் ஆப்சென்ட். மஸ்டரை விட்டு வேறு எழுதினால் வில்லை விஷயம் வெளியே வரும். வீரபாகு தெருவுக்குப் போவான். பொய் மஸ்டர் எழுதியதற்குத் தானும் போக வேண்டும், வீட்டில் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள். விசாரிக்கத்தானே போகிறார்கள், துரைசாமியே சொல்லிவிடுவான், நம்மைக் கேட்டால் நாமும் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார். துரைசாமி, இடது முழங்கையில் இரண்டு அங்குலத்துக்குச் சுண்ணாம்புத் தழும்பு.

"எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதே சார்!" என்றார் இன்ஸ்பெக்டர். தேவசகாயத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பின்னால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை ஆலை வாசலிலேயே துரைசாமியை ஜீப்பில் ஏற்றினார்கள். மற்ற பத்துப் பேரையும் கூட்டிப் போனார்கள், அன்றைக்கோ அடுத்த நாளோ விட்டுவிட்டார்கள். ஒருவன் திருமணத்துக்குப் போயிருந்தான், ஒருவன் ஆஸ்பத்திரியில் இருந்தான், சாட்சி சொல்ல ஆள் இருந்தது. துரைசாமி மட்டும், "வீட்லதான் இருந்தேன்," என்றான். அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். மூன்று நாளும் காலையில் தூக்குவாளியோடு கிளம்பிப் போனதைத் தெருவே பார்த்திருந்தது. பொய் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று போலீஸ் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. அவன் மறைக்கத்தான் செய்தான். அவன் மறைத்தது வெடிகுண்டை அல்ல, ஒரு பித்தளை வில்லையை.

நாலு நாள். முதல் நாள் தேவசகாயம் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். இரண்டாம் நாள் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடை வரைக்கும் போய், ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பினார். மூன்றாம் நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். நிஜமாகவே காய்ச்சல் இருந்தது என்று அவர் கடைசி வரைக்கும் சொல்வார். இருந்திருக்கும். நாலாம் நாள் துரைசாமியை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. வலது கால் மட்டும் இழுத்தது.

வழக்கு இல்லையே தவிர, ஸ்டேஷனில் ஒரு பெரிய நோட்டு இருந்தது, அதில் பெயர் ஏறிவிட்டது. பத்து விரல் ரேகை, முன்னால் ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, கூடவே தேவசகாயம் எழுதிய அங்க அடையாளம். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், குடியரசு தினத்துக்கு முந்தின நாள், மந்திரி வந்தால், எலெக்‌ஷன் வந்தால், எங்கேயாவது தோல் களவு போனால், துரைசாமி ஸ்டேஷன் வராந்தாவில் போய் உட்கார வேண்டும். ஆறு மாதத்தில் குர்ஷித் பாய், "போலீஸ் தேடி வர்ற ஆள் நமக்கு பேஜார்," என்று கணக்கை முடித்து அனுப்பினார். துரைசாமி விறகு டிப்போவில் சுமை தூக்கினான். அங்கேயும் கான்ஸ்டபிள் தேடி வந்தார், அந்த வேலையும் போயிற்று. பிறகு செங்கல் சூளை. அவன் மனைவி முனியம்மா பீடி சுற்றி வீட்டை ஓட்டினாள்.

1982-இல் உண்மையான ஆட்கள் பிடிபட்டார்கள். இரண்டு பேர், வெளியூர்க்காரர்கள். எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? காட்பாடியில் ஒரு லாட்ஜில் அந்த வாரம் தங்கியவர்களின் பெயர்களை ஒரு குமாஸ்தா போலீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தான், அதை வைத்துத்தான். அந்தச் செய்தியைத் தேவசகாயம் நாலைந்து தரம் படித்தார். அவனும் பட்டியல் கொடுத்தான், நானும் கொடுத்தேன். அவன் பட்டியலில் கொலைகாரன் மாட்டினான், என் பட்டியலில் துரைசாமி மாட்டினான். கொடுத்ததே தப்பா, கொடுத்த விதம் தப்பா என்று அவருக்கு விளங்கவில்லை. சரி, இனிமேலாவது துரைசாமியின் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார். எடுக்கவில்லை. பெயரை ஏற்றுவதற்கு ஆள் இருந்தது, இறக்குவது யார் வேலை என்று எந்த விதியிலும் இல்லை.

இத்தனைக்கும் துரைசாமி அவரை டீக்கடையில் பார்த்தால் ஒதுங்கிப் போகமாட்டான். காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவான்.

"நல்லா இருக்கீங்களா சார்? பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டீங்களாமே?"

தேவசகாயம் அவனுக்கும் சேர்த்து டீ சொல்லுவார். கண்ணைப் பார்க்காமல் குடிப்பார். அவன் எதையோ கேட்க வருகிறவன் போலச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "வர்றேன் சார்," என்று எழுந்து போவான். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. பட்டியல் யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியாது என்பதுதான் தேவசகாயத்துக்கு இருந்த ஒரே ஆறுதல்.

1985-இல் தேவசகாயம் ரிட்டயர் ஆனார். அதே வருஷம் டிசம்பரில் துரைசாமி நெஞ்சு நோயில் செத்துப்போனான். நாற்பத்தாறு வயசு.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி ஒரு புதுக் கான்ஸ்டபிள் முனியம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, "துரைசாமியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு," என்றார். முனியம்மா வீட்டு மூலையில் எரிந்த விளக்கைக் காட்டினாள். அவர் முகம் சுண்டிவிட்டது. "நோட்டுல பேர் இருக்குதும்மா, எனக்கு இன்னா தெரியும்?" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் முனியம்மா தேவசகாயத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"செத்த பிறகும் தேடறாங்கண்ணே. பேரை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடு. அப்புறம் அந்த நோட்டுல எங்க ஊட்டுக்காரரு போட்டோ இருக்குதாம். எங்ககிட்ட அதோட போட்டோ ஒண்ணுகூட இல்ல. அதையும் கேட்டு எழுது."

அந்தச் சமயத்தில், போலீஸ் சட்டத்தைத் திருத்துவதற்காகக் கருத்துக் கேட்கிற குழு ஒன்று ஏப்ரலில் வேலூருக்கு வருகிறது என்று பேப்பரில் இருந்தது. தேவசகாயம் பத்து நாள் உட்கார்ந்து மனு எழுதினார். வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டியல் கேட்டால் எழுத்தில் உத்தரவு வேண்டும், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும், வழக்கு முடிந்தால் மற்றவர்கள் பெயரை அடித்துவிட வேண்டும் என்றெல்லாம் எழுதினார். கடைசியில் வில்லை விஷயத்தையும் எழுதினார். ரிட்டயர் ஆகி, வர வேண்டியதெல்லாம் கைக்கு வந்து, கடைசிப் பெண்ணுக்கும் கல்யாணம் முடிந்த பிறகு வந்த தைரியம் அது. அது அவருக்கே தெரியும். அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு பெருமைப்பட அவரால் முடியவில்லை. வீரபாகுவை சாட்சிக்குக் கூப்பிட்டார். அவன் இன்னும் அதே ஆலையில் பர்மனென்ட். வர்றேன் என்றான், பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை.

கூட்டத்தில் முதலில் பேசியவள் சாவித்திரி. செத்துப்போன கான்ஸ்டபிள் சம்பத்தின் மனைவி. தேவசகாயம் பேப்பர் படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள்.

"நோட்டு வேணாம், லிஸ்ட் வேணாம்னு நிறைய பேர் சொல்றாங்க. லாட்ஜ் லிஸ்ட் இல்லன்னா எங்க வீட்டுக்காரரைக் கொன்னவங்க இன்னிக்கும் வெளிய திரிஞ்சிட்டிருப்பாங்க. என் பிள்ளைக்கு அவங்கப்பா மொகமே தெரியாது. அதை மட்டும் மறந்துடாதீங்க," என்றாள்.

அடுத்து தேவசகாயம். மனுவைப் படித்து முடித்தார். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, நல்ல மனுஷர். "அந்த லிஸ்ட்டைக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க ஐயா."

முனியம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். தேவசகாயம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு போலீஸ் அதிகாரி எழுந்து ஃபைலைப் பிரித்தார். "மஸ்டர் நகல் இதுல இருக்குது. மூணு நாளும் ஆப்சென்ட். இது உங்க எழுத்துதானே?"

"என் எழுத்துதான்."

"அன்னிக்கு ஆப்சென்ட்டுனு எழுதினீங்க. இன்னிக்கு இருந்தார்னு சொல்றீங்க. எதை நம்பறது?"

இருபத்தேழு வருஷத்தில் ஒரு அடித்தல்கூட இல்லாத மஸ்டர். அதற்கு எதிராகச் சொல்ல அவரிடம் இருந்தது வெறும் வாய்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா சொல்றதும் நியாயம், நீங்க சொல்றதும் நியாயம். ரெண்டையும் ஒரே சட்டத்துல எப்படி எழுதறதுன்னு தெரியாமத்தான் ஊர் ஊரா போய்க்கிட்டிருக்கோம். உங்க மனுவை அனுப்பி வைக்கிறேன்," என்றார்.

வெளியே வராந்தாவில் சாவித்திரி முனியம்மாவின் எதிரே வந்து நின்றாள். "அப்போ உங்க வீட்டுக்காரர் அங்க இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. அது குழியில தோலு புரட்டிக்கினு இருந்துச்சி."

சாவித்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆம்பூர் தாண்டிய பிறகுதான் தேவசகாயம் முனியம்மா பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடு முனியம்மா. உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார்.

முனியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்குத் தெரியும்ணே. ஸ்டேஷன்ல அந்தக் காகிதத்தை மூஞ்சிக்கு நேரா காட்டிக் கேட்டாங்களாம். பத்து வருசமா பாக்கற எழுத்து, தெரியாம போயிடுமா? வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லிச்சி."

"தெரிஞ்சுமா என்கூட டீ குடிச்சான்?"

"நான் சண்டைக்கு வர்றேன்னேன். வேணாம்னுச்சி. வெளிய வந்தா வீரபாகு போவான், சாரும் போவாரு, மூணு பொண்ணு வச்சிருக்காரு, என்னோட போவட்டும்னுச்சி. ஆனா நீயா ஒருநாளு சொல்வேன்னு பார்த்துக்கினே இருந்துச்சிண்ணே. டீக்கடைக்குப் போயிட்டு வரும். சொன்னாரான்னு கேப்பேன். இன்னிக்கு இல்லன்னும்."

தேவசகாயம் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நவம்பரில் போலீஸ் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. முனியம்மா பிரிக்காமலேயே கொண்டுவந்தாள். மேற்படி துரைசாமி இறந்துவிட்ட காரணத்தால் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. புகைப்படம் காவல்துறை ஆவணம் ஆதலால் தருவதற்கில்லை. இவ்வளவுதான் இருந்தது. தேவசகாயம் மெதுவாகப் படித்துச் சொன்னார்.

"அன்னிக்கு அது வேலையிலதான் இருந்துச்சின்னு எழுதியிருக்காங்களா?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இல்லம்மா. எழுதலை."

"அப்போ நீ எழுதிக் குடுண்ணே. உன் எழுத்துல இருக்கட்டும்."

அவர் பழைய ஸ்கேலை எடுத்து, கடிதத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டார். துரைசாமி என்று எழுதினார். புதன், ஆஜர். வியாழன், ஆஜர். வெள்ளி, ஆஜர். கை நடுங்கியதில் எழுத்து கோணலாக வந்தது. அவர் எழுதியதிலேயே அசிங்கமான எழுத்து அதுதான். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முனியம்மா அதை வாங்கி, மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமேண்ணே," என்றாள்.